கடைசிச் சொல்லைப் பாருங்கள்

ஒரு சங்கத்தின் புலனக் குழுவில் இப்படி ஓர் அறிவிப்பு வருகிறது என்று வைத்துக்கொள்வோம்:

"இவ்வாண்டுக்கான சந்தாவைச் செலுத்தாத உறுப்பினர்கள் வருகின்ற ஞாயிற்றுக்கிழமை காலை 10.00 மணிக்கு நமது மண்டபத்தில் நடைபெறவிருக்கும் ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் கலந்துகொண்டு புதிய செயலவையைத் தேர்ந்தெடுக்க வாக்களிக்க. நன்றி."

சந்தா கட்டாதவர் வாக்களிக்கலாமா, கூடாதா? மூன்று முறை படித்தாலும் விடை கிடைக்காது. எழுதிய செயலாளரின் மனத்தில் 'வாக்களிக்க இயலாது' என்று இருந்திருக்கலாம். அவசரத்தில் கடைசிச் சொல் விடுபட்டிருக்கலாம். சந்தா கட்டாதவரோ, "'வருக', 'வாழ்க' என்பது போல 'வாக்களிக்க' என்பதும் வியங்கோள்தானே? எங்களை வாக்களிக்கச் சொல்லித்தானே அறிவிப்புப் போட்டீர்கள்?" என்று கேட்கலாம். இலக்கணப்படி அவர் கேட்பதிலும் நியாயம் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை காலையில் மண்டப வாசலிலேயே வாக்குவாதம் தொடங்கிவிடும். தகராறு முற்றிச் சங்கப் பதிவிலாகாவுக்குப் புகார் போனால், ஆதாரமாக இணைக்கப்போவது இந்த ஒரு வரியைத்தான்.

ஏறத்தாழ இருபது சொற்கள் எழுதியும் சொல்ல வந்த செய்தி வந்து சேரவில்லை. காரணம், தமிழ் வாக்கியத்தின் கனம் அதன் வாலில் இருக்கிறது.

மலாயில் 'தீடாக் போலே' என்பது வினைக்கு முன்பே வந்துவிடும். ஆங்கிலத்திலும் மறுப்பு முன்னதாகவே தலைகாட்டிவிடும். தமிழில் நாம் கடைசிவரை காத்திருக்க வேண்டும். வாக்களிக்கலாம், வாக்களிக்க வேண்டும், வாக்களிக்க வேண்டாம், வாக்களிக்கக் கூடாது, வாக்களித்தார்கள், வாக்களிக்கவில்லை. அனுமதியா, கட்டாயமா, தடையா, நடந்ததா, நடக்கவில்லையா என்பதை எல்லாம் இறுதியில் வரும் சொல்லே முடிவு செய்கிறது. செய்தவர் யார் என்பதையும் அதே சொல் காட்டுகிறது. 'வாக்களித்தேன்' என்றால் நான். 'வாக்களித்தோம்' என்றால் நாங்கள். 'வாக்களித்தாய்' என்றால் நீ. அந்தச் சொல்லை விட்டுவிட்டு எழுதினால், ஆளையும் விட்டுவிடுகிறோம், முடிவையும் விட்டுவிடுகிறோம்.

எனவே, இந்த வாரம் வாக்கியத்தின் வாலைப் பிடிப்போம்.

எது முழு வாக்கியம்?

கிள்ளானிலிருந்து ஒரு தாய் எழுதியிருக்கிறார். தமிழ்ப்பள்ளியில் நான்காம் ஆண்டு படிக்கும் அவருடைய மகளின் கட்டுரையில், 'வாக்கியம் முற்றுப்பெறவில்லை' என்று ஆசிரியர் சிவப்பு மையால் குறித்திருக்கிறாராம். "நான் மலாய்ப் பள்ளியில் படித்தவள். முற்றுப்பெறுவது என்றால் என்னவென்று மகளுக்குச் சொல்லித்தர எனக்குத் தெரியவில்லை" என்கிறார். அந்த வரி இதுதான்:

"மழை பெய்ததால். விளையாட்டுப் போட்டி தள்ளிவைக்கப்பட்டது."

நல்ல கேள்வி. விடையைச் சற்றுப் பின்னால் பார்ப்போம். முதலில், வாக்கியம் எப்போது முழுமை அடைகிறது என்பதைத் தெரிந்துகொள்வோம்.

எழுவாய், செயப்படுபொருள், பயனிலை என்று பள்ளியில் படித்திருப்போம். இம்மூன்றில் பயனிலைதான் வாக்கியத்தை முடித்து வைக்கிறது. செயப்படுபொருள் எல்லா வாக்கியங்களிலும் இருக்க வேண்டியதில்லை. எழுவாய்கூட வெளியே தெரிய வேண்டியதில்லை. 'வந்தேன்.' என்பது ஒரே சொல். ஆனாலும் அது முழு வாக்கியம். 'நான்' என்பது அந்தச் சொல்லின் விகுதியிலேயே இருக்கிறது. இதற்கு மாறாக, நீளமான ஒரு தொடரைப் பாருங்கள்:

"நேற்று மாலை நடந்த கூட்டத்தில் நூற்றுக்கணக்கான உறுப்பினர்களின் முன்னிலையில் செயலாளர் ஆண்டறிக்கையை வாசித்து"

இத்தனை சொற்கள் இருந்தும் இது வாக்கியம் ஆகவில்லை. நீளத்துக்கும் முழுமைக்கும் தொடர்பே இல்லை.

பயனிலை மூன்று வகையாக வரும். 'தம்பி ஓடினான்' என்பதில் வினை முடித்து வைக்கிறது. இது வினைப் பயனிலை. 'அவர் என் தலைமையாசிரியர்' என்பதில் வினையே இல்லை. பெயரே முடித்து வைக்கிறது. இது பெயர்ப் பயனிலை. 'அங்கே நிற்பவர் யார்?' என்பதில் வினாச்சொல் முடித்து வைக்கிறது. இது வினாப் பயனிலை. மூன்றும் முழு வாக்கியங்களே. மலாயிலும் ஆங்கிலத்திலும் படித்த பிள்ளைகள் சிலர், 'வினை இல்லையே, இது வாக்கியமா?' என்று தயங்குவார்கள். தயங்க வேண்டாம். 'அவர் என் தலைமையாசிரியராக இருக்கிறார்' என்று வலிந்து நீட்டவும் வேண்டாம்.

அப்புறம்? என்று கேளுங்கள்

முடிந்த வினைக்கு முற்று என்று பெயர். முடியாத வினைக்கு எச்சம் என்று பெயர். எச்சம் என்றால் மிச்சம். இன்னும் சொல்ல வேண்டியது மிச்சம் இருக்கிறது என்று பொருள். பெயரிலேயே விளக்கம் இருப்பதால், பிள்ளைகளுக்குச் சொல்லித்தருவது எளிது.

வாக்கியத்தின் கடைசிச் சொல்லை எடுத்துக்கொண்டு, 'அப்புறம்?' என்று கேட்டுப் பாருங்கள்.

'வாசித்து...' என்று முடிந்தால், வாசித்து என்ன செய்தார் என்று கேட்கத் தோன்றும். 'வாசித்தால்...' என்றால், வாசித்தால் என்ன ஆகும் என்று கேட்கத் தோன்றும். 'வாசித்தபோது...', 'வாசித்ததும்...', 'வாசித்ததால்...', 'வாசித்தாலும்...' எல்லாமே இப்படித்தான். இவை இன்னொரு வினைக்காகக் காத்திருக்கின்றன. இவற்றோடு 'வாசித்த...' என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். வாசித்த யார், வாசித்த எது என்று அது ஒரு பெயருக்காகக் காத்திருக்கிறது. வினைக்காகக் காத்திருப்பது வினையெச்சம். பெயருக்காகக் காத்திருப்பது பெயரெச்சம்.

'வாசித்தார்' என்று முடிந்தால் காத்திருப்பு இல்லை. எதை வாசித்தார், எங்கே வாசித்தார் என்று கூடுதல் செய்தி வேண்டுமானால் கேட்கலாம். ஆனால் வாக்கியம் தன் காலில் நிற்கிறது.

வேண்டும், வேண்டாம், உண்டு, இல்லை, போதும், கூடாது, முடியும், முடியாது ஆகிய சொற்களும் வாக்கியத்தை முடித்து வைப்பவைதாம். இவற்றின் ஈற்றில் ஆண், பெண், ஒருமை, பன்மை தெரியாது. 'எனக்கு இது போதும்' என்பது முழு வாக்கியம்.

ஒரு சொல் மட்டும் இரண்டு வேடம் போடும். 'பேருந்து ஓடும்' என்பதில் 'ஓடும்' முற்று. 'ஓடும் பேருந்து' என்பதில் அதே 'ஓடும்' எச்சம். இடத்தைப் பார்த்துத்தான் சொல்ல வேண்டும்.

இன்னும் இரண்டு விதிவிலக்குகள். 'வந்துவிட்டார் மாமா!' என்று வினையை முன்னால் போட்டும் எழுதலாம். முற்று இருக்கிறது, இடந்தான் மாறியிருக்கிறது. 'எங்கே போகிறாய்?' என்ற கேள்விக்குக் 'கடைக்கு' என்று ஒரே சொல்லில் விடை சொல்வதும் குற்றமில்லை. மிச்சத்தைக் கேள்வியே தந்துவிடுகிறது. உரையாடலிலும் தலைப்பிலும் செல்லும் இந்தச் சலுகை, கட்டுரையிலும் அறிவிப்பிலும் செல்லாது. அங்கே கேள்வி கேட்டவர் எதிரில் இல்லை.

ஓலைச்சுவடிகளில் இன்று நாம் இடும் முற்றுப்புள்ளியோ காற்புள்ளியோ கிடையாது. அவை ஐரோப்பியர்வழி அச்சு நூல்கள் பெருகிய பிறகே பழக்கத்துக்கு வந்தன. அதற்கு முன் பல நூற்றாண்டுகள் தமிழ் படித்தவர்கள் ஒரு வாக்கியம் எங்கே முடிகிறது என்பதை எப்படி அறிந்தார்கள்? முற்றை வைத்துத்தான். முற்று வந்தால் முடிந்தது. நாம் இன்று இடும் புள்ளி, சொல் ஏற்கெனவே செய்துவிட்ட வேலைக்கு ஓர் அடையாளம் மட்டுமே. எச்சத்தின் பக்கத்தில் புள்ளி வைத்துவிட்டால் அது முற்றாகிவிடாது.

இப்போது முதலில் பார்த்த அறிவிப்பைத் திருத்துவது எளிது. "இவ்வாண்டுச் சந்தாவைச் செலுத்தாத உறுப்பினர்கள் பொதுக்கூட்டத்தில் கலந்துகொள்ளலாம். ஆனால், அவர்கள் வாக்களிக்க இயலாது. கூட்டம் வருகின்ற ஞாயிற்றுக்கிழமை காலை 10.00 மணிக்கு நமது மண்டபத்தில் நடைபெறும்." மூன்று வாக்கியங்கள், மூன்று முற்றுகள். தகராறுக்கு இடமில்லை.

புள்ளி முந்தினால்

அந்தத் தாயின் கேள்விக்கு வருவோம். 'மழை பெய்ததால்' என்பது எச்சம். அப்புறம் என்ன ஆனது என்பது அடுத்த தொடரில்தான் இருக்கிறது. ஆசிரியர் குறித்தது சரியே. திருத்தம் ஒரு புள்ளி அளவுதான்: "மழை பெய்ததால், விளையாட்டுப் போட்டி தள்ளிவைக்கப்பட்டது." பிரித்தே எழுத வேண்டுமானால், எச்சத்தை முற்றாக்க வேண்டும்: "மழை பெய்தது. அதனால், விளையாட்டுப் போட்டி தள்ளிவைக்கப்பட்டது." பெய்ததால் என்பது பெய்தது என்று மாறியதும் புள்ளிக்கு உரிமை வந்துவிட்டது.

பிள்ளைகள் புள்ளியை முந்தி வைப்பதற்கு ஒரு காரணம் உண்டு. அவர்கள் மூச்சு விடும் இடத்தில் புள்ளி வைக்கிறார்கள். 'மழை பெய்ததால்' என்று சொல்லி ஒரு கணம் நிறுத்துகிறோம் அல்லவா? அந்த நிறுத்தம் காற்புள்ளிக்கு உரியது. முற்றுக்குப் பின் முற்றுப்புள்ளி. எச்சத்துக்குப் பின் காற்புள்ளி, அல்லது ஒன்றுமே தேவையில்லை. இதை மட்டும் சொல்லித்தாருங்கள்.

புள்ளி பிந்தினால்

எதிர்த் தவறும் உண்டு. விடுமுறையைப் பற்றி எழுதச் சொன்னால் இப்படி எழுதும் பிள்ளைகள் பலர்:

"விடுமுறை தொடங்கியது, நாங்கள் பினாங்குக்குச் சென்றோம், கடலில் குளித்தோம், மீன் சாப்பிட்டோம், மாலையில் வீடு திரும்பினோம்."

ஐந்து முற்றுகள், ஒரே புள்ளி. ஐந்து வாக்கியங்களைக் காற்புள்ளியால் தைத்திருக்கிறார்கள். ஐந்தையும் தனித்தனியாக நிறுத்தலாம். ஆனால் தமிழில் அதைவிட நல்ல வழி இருக்கிறது. முற்றுகள் சிலவற்றை எச்சமாக்கிவிடுங்கள்: "விடுமுறை தொடங்கியதும் நாங்கள் பினாங்குக்குச் சென்றோம். கடலில் குளித்து, மீன் சாப்பிட்டுவிட்டு, மாலையில் வீடு திரும்பினோம்." எது முன்பு, எது பின்பு என்பதும் தெளிவாகிவிட்டது. எச்சம் பகையன்று. இடம் மாறி வாக்கியத்தின் கடைசியில் வந்து உட்கார்ந்தால்தான் தொல்லை.

அதற்காக எச்சங்களை அடுக்கிக்கொண்டே போகவும் கூடாது. "காலையில் எழுந்து, குளித்து, சாமி கும்பிட்டு, பசியாறி, பள்ளிப் பேருந்தில் ஏறி, பள்ளிக்குப் போய், சபைகூடலில் கலந்துகொண்டு..." இலக்கணப்படி இதில் பிழை இல்லை. ஆனால் படிப்பவருக்கு மூச்சு வாங்கும். மூன்று அல்லது நான்கு எச்சங்களுக்குப் பின் ஒரு முற்றை வைத்து இளைப்பாறுங்கள்.

இறங்கியது யார்?

எச்சத்தைச் சரியான இடத்தில் வைத்தும் தவறு நேரலாம். இந்த வாக்கியத்தைப் பாருங்கள்:

"பேருந்திலிருந்து இறங்கி மழை கொட்டத் தொடங்கியது."

இறங்கியது யார்? வாக்கியத்தின்படி மழைதான். 'செய்து' என்னும் வாய்பாட்டில் வரும் எச்சத்துக்கும் (இறங்கி, திறந்து, படித்து) அதை முடிக்கும் வினைக்கும் ஒரே எழுவாய் இருப்பதே பொது விதி. இறங்கியவரே அடுத்ததையும் செய்ய வேண்டும். எழுவாய் மாறினால் எச்சத்தின் வடிவத்தை மாற்றுங்கள்: "நான் பேருந்திலிருந்து இறங்கியதும் மழை கொட்டத் தொடங்கியது."

"அம்மா சமைத்து நாங்கள் சாப்பிட்டோம்" என்பதும் இந்த வகைதான். "அம்மா சமைக்க, நாங்கள் சாப்பிட்டோம்" என்றால் சரி. "ஆசிரியர் கண்டித்து மாணவன் அழுதான்" என்பதை "ஆசிரியர் கண்டித்ததால் மாணவன் அழுதான்" என்று திருத்துங்கள். 'மழை பெய்து நெல் விளைந்தது' என்று சொல்கிறார்களே என்று நீங்கள் கேட்கலாம். ஒன்று மற்றொன்றுக்குக் காரணமாகும் இத்தகைய சில தொடர்களை இலக்கண உரையாசிரியர்களே ஏற்றுக்கொண்டிருக்கிறார்கள். விதிவிலக்கை விதியாக்கிவிட வேண்டாம்.

எச்சத்தின் இடமும் முக்கியம். 'காணாமற்போன தலைவரின் கைப்பை' என்று அறிவிப்புப் பலகையில் எழுதினால், காணாமற்போனது கைப்பையா, தலைவரா? 'தலைவரின் காணாமற்போன கைப்பை' என்று எழுதினால் தலைவர் பத்திரமாக இருக்கிறார் என்பது உறுதியாகும். பெயரெச்சத்தைத் தனக்குரிய பெயரின் அருகில் உட்கார வையுங்கள்.

தலையும் வாலும் பொருந்த

வாக்கியம் முடிந்தால் மட்டும் போதாது. எழுவாயோடு பொருந்தியும் முடிய வேண்டும். தொல்காப்பியத்தின் சொல்லதிகாரம் தொடங்குவதே இந்தப் பொருத்தத்தில்தான். அதன் முதல் இயலான கிளவியாக்கம், உயர்திணை, அஃறிணை என்று பிரித்து, பெயர் காட்டும் பாலும் வினை காட்டும் பாலும் மயங்கக் கூடாது என்று விதிக்கிறது.

நம் நாட்டுப் பிள்ளைகளுக்கு இது கூடுதல் சுமை. மலாயில் 'சாயா மாக்கான்', 'டியா மாக்கான்', 'மெரேக்கா மாக்கான்' என்று யார் சாப்பிட்டாலும் 'மாக்கான்' மாறுவதில்லை. தமிழில் சாப்பிட்டேன், சாப்பிட்டாள், சாப்பிட்டார்கள், சாப்பிட்டது, சாப்பிட்டன என்று ஒவ்வோர் ஆளுக்கும் ஒவ்வொரு வால். நாள் முழுவதும் மலாயிலும் ஆங்கிலத்திலும் புழங்கும் பிள்ளை, தமிழ் எழுதும்போது வாலை மறப்பதில் வியப்பில்லை. அதட்டுவதைவிட, அடிக்கடி வழுக்கும் இடங்களைக் காட்டிக்கொடுப்பது நல்லது.

முதல் இடம், 'ஒவ்வொரு'. 'ஒவ்வொரு மாணவர்களும்' என்று பல அறிவிப்புகளில் பார்க்கிறோம். 'ஒவ்வொரு' என்பது ஒருவரை ஒருவராக எண்ணுவது. 'ஒவ்வொரு மாணவரும்' என்பதே சரி. எல்லாரையும் சேர்த்துச் சொல்ல விரும்பினால் 'மாணவர்கள் அனைவரும்' என்று எழுதுங்கள். 'மாணவர்களுள் ஒருவர் பேசினார்கள்' என்பதும் இதே வழுக்கல். பேசியவர் ஒருவர், 'பேசினார்' என்று முடியுங்கள்.

இரண்டாவது, அருகில் இருக்கும் பெயர் செய்யும் மயக்கம். "போட்டிகளில் வென்ற மாணவர்களின் பட்டியல் ஒட்டப்பட்டுள்ளன." போட்டிகள், மாணவர்கள் என்று இரண்டு பன்மைகள் அருகில் நின்று, வினையைத் தம் பக்கம் இழுத்துவிட்டன. ஒட்டப்பட்டது எது? பட்டியல். அது ஒன்றுதான். எனவே 'ஒட்டப்பட்டுள்ளது'. வினையை எழுதும் முன் 'எது?' அல்லது 'யார்?' என்று கேட்டால் உண்மையான எழுவாய் அகப்பட்டுவிடும்.

மூன்றாவது, நிறுவனங்கள். 'பள்ளி நிர்வாகம் அறிவித்துள்ளனர்', 'அரசாங்கம் சொன்னார்கள்' என்று எழுதுகிறோம். நிர்வாகத்தில் மனிதர்கள் இருந்தாலும் நிர்வாகம் என்ற சொல் அஃறிணை ஒருமை. 'நிர்வாகம் அறிவித்துள்ளது' என்க. மனிதர்களைச் சொல்ல வேண்டுமானால், 'நிர்வாகத்தினர் அறிவித்துள்ளனர்' என்று எழுதலாம்.

நான்காவது, அஃறிணைப் பன்மை. பேசும்போது 'மாடுங்க வந்துச்சு' என்கிறோம். ஒன்றுக்கும் பலவற்றுக்கும் ஒரே வால். பேச்சில் அது இயல்பு. எழுத்தில் 'மாடுகள் வந்தன', 'புத்தகங்கள் காணாமற்போயின' என்று எழுத வேண்டும்.

ஐந்தாவது, 'நானும் அண்ணனும் கடைக்குப் போனார்கள்'. 'நான்' சேர்ந்துவிட்டால் கூட்டம் முழுவதும் நம் பக்கம் வந்துவிடும்: 'போனோம்'. 'நீயும் அண்ணனும்' என்றால் 'போனீர்கள்'.

தொடக்கம் ஒரு பாதை, முடிவு வேறு பாதை

பேச்சாளர்களின் உரையிலும் செய்திக் கடிதங்களிலும் அதிகம் காணும் பிழை இது:

"இந்நிகழ்ச்சியின் நோக்கம் மாணவர்களிடையே வாசிப்புப் பழக்கத்தை வளர்க்க நடத்தப்பட்டது."

முற்று இருக்கிறது. ஒருமை பன்மையும் சரிதான். ஆனால் நடத்தப்பட்டது எது? வாக்கியத்தின்படி நோக்கம். நோக்கத்தை யாராவது நடத்துவார்களா? எழுதியவர் 'நோக்கம்' என்று தொடங்கி, பாதி வழியில் நிகழ்ச்சிக்குத் தாவிவிட்டார். ஏதாவது ஒரு பாதையைப் பிடித்துக்கொள்ளுங்கள். "இந்நிகழ்ச்சியின் நோக்கம் மாணவர்களிடையே வாசிப்புப் பழக்கத்தை வளர்ப்பதாகும்." அல்லது, "மாணவர்களிடையே வாசிப்புப் பழக்கத்தை வளர்க்க இந்நிகழ்ச்சி நடத்தப்பட்டது."

'காரணம்' என்ற சொல்லும் இப்படி ஏமாற்றும். "போட்டி தள்ளிவைக்கப்பட்டதற்குக் காரணம் மழை பெய்ததால்." இது எச்சத்தில் முடிந்த வாக்கியம், அதோடு காரணத்தை இரண்டு முறை சொல்கிறது. "போட்டி தள்ளிவைக்கப்பட்டதற்குக் காரணம் மழை" என்றால் போதும்.

பிறர் சொன்னதை எழுதும்போதும் கவனம் தேவை. "தாம் வருவேன் என்று தலைவர் கூறினார்" என்பதில் நேர்க்கூற்றும் அயற்கூற்றும் கலந்துவிட்டன. "'நான் வருவேன்' என்று தலைவர் கூறினார்" என்றோ, "தாம் வருவதாகத் தலைவர் கூறினார்" என்றோ எழுத வேண்டும். "தலைவர் செயலாளரிடம், அவர் பதவி விலக வேண்டும் என்று கூறினார்" என்று கூட்டக் குறிப்பில் இருந்தால் இன்னும் ஆபத்து. விலக வேண்டியவர் தலைவரா, செயலாளரா? "செயலாளர் பதவி விலக வேண்டும் என்று தலைவர் அவரிடம் கூறினார்" என்று எழுதிவிட்டால், அடுத்த கூட்டத்தில் சண்டை இருக்காது. இருந்தாலும், வாக்கியத்தால் வந்த சண்டையாக இருக்காது.

முழு வாக்கியம், மறைந்த ஆள்

கடைசியாக ஒன்று. இது இலக்கணப் பிழை அன்று. ஆனாலும் சங்கம், ஆலயம், பெற்றோர் ஆசிரியர் சங்கம் ஆகியவற்றில் பொறுப்பில் இருப்பவர்கள் கவனிக்க வேண்டும்.

"ஆலய நிதியிலிருந்து 3,000 வெள்ளி எடுக்கப்பட்டு மேற்கூரை சீரமைக்கப்பட்டது."

முற்று இருக்கிறது, பொருத்தமும் இருக்கிறது. ஆள் மட்டும் இல்லை. எடுத்தவர் யார், ஒப்புதல் தந்தவர் யார் என்று வாக்கியம் சொல்லவில்லை. தமிழ் வினை இயல்பாகவே செய்தவரைத் தன் விகுதியில் காட்டிவிடும். 'படு' சேர்த்துச் செயப்பாட்டுவினை ஆக்கும்போது, அந்த இடத்தைச் செயப்படுபொருள் பிடித்துக்கொள்கிறது. செய்தவர் மறைந்துகொள்ள முடிகிறது. செய்தவர் தெரியாதபோதும், தெரிய வேண்டாதபோதும் செயப்பாட்டுவினை பயன்படும். சாலை மூடப்பட்டது என்றால் மூடியவர் யார் என்பது நமக்குத் தேவையில்லை. பொதுப் பணத்தைப் பற்றி எழுதும்போது அது தேவை. "செயலவையின் ஒப்புதலோடு பொருளாளர் ஆலய நிதியிலிருந்து 3,000 வெள்ளி எடுத்தார். அத்தொகையைக் கொண்டு மேற்கூரையைச் சீரமைத்தோம்." ஐந்து ஆண்டுகள் கழித்து இந்தக் குறிப்பைப் படிப்பவர்கூட யாரையும் சந்தேகப்பட வேண்டியதில்லை. நேர்மையாக நடந்துகொண்ட பொருளாளருக்கு இது பாதுகாப்பும்கூட.

நீங்களே திருத்துங்கள்

கீழே ஆறு தொடர்கள் உள்ளன. ஒன்று மட்டும் பிழையற்றது. விடைகளைப் பார்க்குமுன் பிள்ளைகளோடு உட்கார்ந்து முயன்று பாருங்கள்.

1. வகுப்பறையைச் சுத்தம் செய்யாத மாணவர்கள் இன்று மாலை 3.00 மணி வரை பள்ளியில் இருந்து.

2. ஒவ்வொரு பெற்றோர்களும் அடையாள அட்டையைக் கொண்டுவர வேண்டும்.

3. கதவைத் திறந்து பூனை வெளியே ஓடியது.

4. கண்காட்சியில் வைக்கப்பட்டிருந்த ஓவியங்களின் விலை அதிகமாக இருந்தன.

5. எனக்கு இந்த வேலை வேண்டாம்.

6. இப்பட்டறையின் நோக்கம் இளைஞர்களுக்குத் தொழிற்பயிற்சி அளிக்க ஏற்பாடு செய்யப்பட்டது.

விடைகள்

1. 'இருந்து' என்பது எச்சம். இருந்து என்ன செய்ய வேண்டும்? "...பள்ளியில் இருந்து அதைச் சுத்தம் செய்ய வேண்டும்" என்று முடிக்கலாம்.

2. 'ஒவ்வொரு பெற்றோரும்' என்க; அல்லது 'பெற்றோர் அனைவரும்' என்க.

3. பூனை கதவைத் திறக்கவில்லை என்றால், "நான் கதவைத் திறந்ததும் பூனை வெளியே ஓடியது" என்று எழுதுங்கள். உங்கள் வீட்டுப் பூனை கதவைத் திறக்கும் என்றால், வாக்கியம் சரிதான்.

4. அதிகமாக இருந்தது எது? விலை. எனவே 'இருந்தது'.

5. பிழை இல்லை. 'வேண்டாம்' என்பதே முடித்து வைக்கிறது.

6. "இப்பட்டறையின் நோக்கம் இளைஞர்களுக்குத் தொழிற்பயிற்சி அளிப்பதாகும்."

கிள்ளான் தாய்க்கு ஒரு வார்த்தை. இலக்கணப் பெயர்களை மனப்பாடம் செய்ய வைக்க வேண்டாம். மகள் கட்டுரை எழுதி முடித்ததும், ஒவ்வொரு புள்ளிக்கும் முன்னால் இருக்கும் சொல்லை மட்டும் உரக்கப் படிக்கச் சொல்லுங்கள். பெய்ததால், போனோம், சாப்பிட்டு, வந்தது என்று அவள் படிக்கும்போது, 'அப்புறம்?' என்று கேளுங்கள். விடை சொல்ல வேண்டிய இடங்களில் அவளே நின்றுவிடுவாள். அதற்கு நீங்கள் தமிழ்ப்பள்ளியில் படித்திருக்க வேண்டியதில்லை. வீட்டில் தமிழ் பேசினாலே போதும்.

அடுத்த வாரம், வல்லினம் மிகும் இடங்களையும் மிகா இடங்களையும் பார்ப்போம். உங்கள் பகுதியில் கண்ட அறிவிப்புகளையும் அழைப்பிதழ்களையும், ஊர்ப் பெயரையும் ஆள் பெயரையும் நீக்கிவிட்டு, எங்களுக்கு அனுப்பிவையுங்கள். சேர்ந்து திருத்துவோம்.